பழைய சாமான் பட்டியலில் ஆள் ஒன்று

நகராட்சி தண்ணீர் விநியோகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்த திங்கட்கிழமை காலை ஏழு மணியிலிருந்து வால்வுக்காரரைத் தண்ணீர் தொடவில்லை. முகம் கழுவக் குனிந்தார். உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை மேலேயே நீர் இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. மனைவி ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிப் பார்த்தாள். கூடம் முழுக்க நனைந்தது, அவர் நனையவில்லை. அன்று மாலை பெய்த மழையும் அவரைச் சுற்றித்தான் பெய்தது, ஒப்பந்தத்தில் மழையும் சேர்த்தி என்பதால்.

இருபத்தாறு வருடம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் அவர். மூன்று நாளைக்கு ஒரு முறை, அரை மணி நேரம், கலங்கலாக. அதுவும் அவர் மனம் வைத்தால். முகம் கொடுத்துப் பேசாத தெருவுக்குத் வால்வை அரைச் சுற்றோடு நிறுத்திவிடுவார். ஆகவே அக்கம்பக்கத்தில் யாரும் பெரிதாக உச்சுக்கொட்டவில்லை. கம்பெனித் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் கண்ணாடிபோல வந்தது.

நகராட்சி குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஊழியர் பட்டியலில் எழுத இடம் போதாமல், கழித்துவிட்ட பழைய சாமான்களோடு வால்வுக்காரரையும் எழுதியிருந்தார்கள்: துருப்பிடித்த வால்வு நாற்பது, எரிந்த மோட்டார் மூன்று, ஆள் ஒன்று.

“கழிச்ச சாமானுக்குத் தண்ணி கிடையாதுண்ணே, திரும்ப எடுக்கவும் வழியில்ல. தண்ணியும் இப்ப எங்களுது இல்ல. கம்பெனியப் போய்ப் பாருங்க.”

கம்பெனி மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். “நகராட்சி ஒரு லெட்டர் குடுத்தா இன்னைக்கே சேத்துக்கலாம் சார்,” என்றார்.

இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்ததில் நான்காம் நாள் அவருக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள்தான் ஒரு தர்ப்பூசணித் துண்டை வாயில் திணித்தாள். அது உள்ளே இறங்கியது. பழத்துக்குள் இருக்கும் நீரைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுத விட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் பழத்திலேயே உயிர் வாழ்ந்தார். தோல் வற்றி, நடந்தால் காகிதம்போலச் சரசரத்தார்.

இரண்டாம் வருடம் பெரிய குழாயில் கசிவு கண்டபோது மேலாளருக்கு அவர் ஞாபகம் வந்தது. தண்ணீரை நிறுத்தாமலே வால்வுக்காரரைக் குழாய்க்குள் இறக்கினார்கள். நீர் வழிவிட, அவர் டார்ச்சோடு நடந்து போய், விரிசலை அடைத்துவிட்டு, உலர்ந்த சட்டையோடு நான்காவது தெருவில் ஏறி வந்தார். தினமும் இறங்கினார். மற்றவர் குடிக்கப்போகும் தண்ணீர் காதோரமாய் இரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது எப்படியிருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, “பழகிப்போச்சு” என்றார். சாமானுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் மகளுக்குப் புகார் கவுன்டரில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருட முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நகராட்சியும் கம்பெனியும் கலந்து பேசி, விட்டுப்போனவற்றை எல்லாம் சேர்த்தன. மறுநாள் காலை ஆரஞ்சுச் சுளை அவர் உதட்டருகே சக்கையாகிப்போனது. அவர் சுளையைத் தட்டில் வைத்தார். மனைவியிடம் “வர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வழக்கம்போலக் குழாய்க்குள் இறங்கினார். ஏறி வரவில்லை. தேட வேண்டுமானால் ஊருக்கே தண்ணீரை நிறுத்த வேண்டும். அதற்கு இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் கவுன்டருக்கு வந்தாள்.

“எங்க வீட்டுக் குழாய்ல யாரோ இருமுறாங்க.”

மகள் பேனாவை எடுத்தாள். “என்ன மாதிரி இருமல்?”

“வறட்டு இருமல்ங்க.”

மகள் ‘வறட்டு’ வரை எழுதினாள். பிறகு, “தண்ணி வருதா?” என்றாள்.

“அது நல்லா வருது.”

“அப்ப பழுது ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் மகள். பேனாவை மூடி வைத்தாள்.

இப்போதெல்லாம் இருமல் கேட்காத தெருக்காரர்கள்தான், தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வருகிறார்கள்.