கறுப்புக் கிளிப்

பஸ் நிலைய ஆபீசிலிருந்து போன் வந்தபோது பூஸ்டர், வீட்டுக்குள் போகப் பிடிக்காமல், வாசலில் நிறுத்திய வேனிலேயே உட்கார்ந்திருந்தான். பேட்டரி படுத்துப்போன லாரி, பஸ்களுக்கு பூஸ்டர் பெட்டியிலிருந்து கரன்ட் கொடுத்துக் கிளப்புவதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பெட்டியின் பேரே அவனுக்கும் பேராகிவிட்டது. சாயங்கால பஸ் செல்ஃப் எடுக்கவில்லை, உடனே வா என்றார்கள். எந்த பஸ் என்று கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம். சற்று முன்னால்தான் அவன் மனைவி மகளையும் இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அக்கா இருக்கும் ஊரில் தனக்கு வேலை தேடிக்கொண்டுவிட்டாள், மகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டாள். திரும்பி வருகிற பயணமில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பக்கம் நியாயம் இருந்தது. மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று இவன் வேனை எடுத்துக்கொண்டு எவனுடைய டேங்கரையோ கிளப்பப் போயிருந்தான். போனை எடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ரோட்டில் ஓடியிருக்கிறாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், டேங்கர்காரன் தன்னைப் பாராட்டியதைச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே செருப்பால் அடித்திருக்கலாம். அவள் அடிக்கவில்லை, அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் வேனை நிறுத்தி, பெட்டியை உருட்டிக்கொண்டு போய் பஸ்ஸின் பேட்டரிக் கதவைத் திறந்தான். சன்னல் பக்கம் தலை தூக்கவில்லை. பெரிய வண்டி என்பதால் சுவிட்சை இருபத்துநாலு வோல்ட்டில் வைத்தான். சிவப்புக் கிளிப்பை பேட்டரி முனையில் ஒழுங்காகக் கடிக்க விட்டான். கறுப்பை வண்டியின் வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். பக்கத்திலேயே பளபளவென்று ஒரு போல்ட் இருந்தது. கை அதைத் தாண்டிப் போய், பெயின்ட் அடித்த சட்டத்தில் மாட்டியது. பெயின்ட் மேல் கரன்ட் பாயாது. டிரைவர் சாவியைத் திருப்பினார். டொக் என்றதோடு சரி. மறுபடியும் அதே டொக். இவன் உதட்டைப் பிதுக்கி, பேட்டரி செத்துப்போச்சு, காலையில் புதுசு போட்டால்தான் உண்டு என்றான். பயணிகள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். ஒரு ராத்திரி கிடைத்தால் காலில் விழுந்தாவது பேசிப் பார்க்கலாம்.

அவள் இறங்கி வந்தாள். கல்யாணமான புதிதில் ஆள் வைக்க வழியில்லாமல் அவளைத்தான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவான். டார்ச் பிடித்தவள், கிளிப் மாட்டியவள். குனிந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"பெயின்ட் மேல மாட்டியிருக்கீங்க" என்றாள், டிரைவருக்குக் கேட்காத குரலில்.

அவன் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றான். "நாளைக்குப் போயேன்" என்றான்.

"எவன் எவன் வண்டியோ ஓடணும்னு எங்கள விட்டுட்டுப் போனீங்க. எங்க வண்டி மட்டும் ஓடக் கூடாதா?"

கறுப்புக் கிளிப்பை அவளே கழற்றி போல்ட்டில் மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

டிரைவர் அடுத்து சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கிளம்பியது. உள்ளே கைதட்டல். அவன் கிளிப்புகளைக் கழற்றினான். வண்டிக்காரர்களிடம் எப்போதும் சொல்வதை இன்றைக்கும் இந்த டிரைவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் நடுவழியில் பிள்ளையோடு நிற்பாள்.

"போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் இன்ஜின ஆஃப் பண்ணிடாதீங்கண்ணே."

பஸ் நகர்ந்தது. எல்லாரும் ஓய்ந்த பிறகும் சன்னலோரம் மகள் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக்காரரின் தோளைத் தட்டி அவனைக் காட்டினாள். எங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் திரும்பி, இவனைப் பார்த்துக் கை உயர்த்தினார்.