மோட்டார் சத்தத்தில் ஒரு அழைப்பு

மகன் டென்னிஸின் பிடுங்கல் தாங்காமல்தான் செபாஸ்தியான் அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். மனைவி மார்கரெட் இறந்துபோனபிறகு மணலூர்பேட்டை வீட்டில் அவர் தனி ஆள்.

"போனைத் தேடவே வேணாம்பா. அது உங்க பையில இருந்தா போதும். நெட்ல கால் வந்தா வாட்ச்லயே பேசலாம்" என்று சொல்லி, மணிக்கட்டில் மாட்டிவிட்டுச் சென்னைக்குப் போனான். அதில் ஜெனிபரின் பெயரையும் போட்டுவைத்திருந்ததை அவன் சொல்லவில்லை.

ஜெனிபர் அவருடைய மகள். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், கள்ளக்குறிச்சி தீனதயாளனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டவள். இனி அவளோடு பேச்சில்லை என்று கோயில் பங்கு மக்கள் முன்னால் சொன்னவர் செபாஸ்தியான். சொன்னதோடு நிற்கவில்லை. அவர் நிலத்தில் வேலை பார்க்கும் பூமாலையின் மகனும் அப்படியே கல்யாணம் செய்துகொண்டபோது, "பெத்தவன்னா என்ன மாதிரி இருக்கணும். அவனாண்ட பேசின, என் நெலத்துல கால வெக்காத" என்று கண்டித்திருந்தார்.

அன்று பூமாலையும் மற்ற ஆட்களும் கரும்பில் காய்ந்த இலைச் சோகையை உரித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றிருந்தவரின் மணிக்கட்டு அதிர்ந்தது. ஜெனிபர் என்று பெயர் மின்னியது. யோசிக்குமுன் விரல் பச்சையைத் தொட்டுவிட்டது.

"அப்பா, நான்தாம்பா."

காதோடு பேசும் போன் இல்லையே அது. குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. சோகையின் சரசரப்பு நின்றது.

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஞானஸ்நானம்பா, திருக்கோவிலூர்ல. அவரும் சரின்னுட்டாரு. தலைப்புள்ளய அம்மாவோட அப்பாதான் கோயில் வாசல்லேந்து தூக்கினு போவணும், அதான நம்ம வழக்கம்? வரீங்களாப்பா? பேரு கூட நீங்கதான் சொல்லணும்."

மார்கரெட் என்ற பெயர் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் பூமாலை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். முதுகு விறைத்தது.

"யாரும்மா நீ? ராங் நம்பர்."

சிவப்பைத் தொட்டார். "இன்னா வேடிக்கை? வேலையப் பாருங்க!"

ஆட்கள் கஞ்சி குடிக்கப் போனதும் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அந்தப் பக்கம் துண்டித்தார்கள்.

ஞாயிறன்று வெள்ளை வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டால் கிளம்பிவிடுவது. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? திருக்கோவிலூர் பஸ்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

மறுநாள் கரும்புத் தோட்டத்தில் பூமாலை கேட்டான். "ஞானஸ்நானம் நல்லபடியா முடிஞ்சிதுங்களா ஐயா?"

"இன்னா ஞானஸ்நானம்?"

"ஜெனிபர் பாப்பா கொரலு எனக்குத் தெரியாதுங்களா? சைக்கிள்ல வெச்சி இஸ்கூலுக்கு இட்டுக்கினு போனவன் நானு."

"நீயெல்லாம் கேட்டுக்கினு நிக்கிறப்ப நான் எப்டிடா பேசுவேன்?"

பூமாலை தலையைச் சொறிந்தான். "நான் என் புள்ளையாண்ட தினம் பேசிக்கினுதாங்க கீறேன்."

"என் நெலத்துலயா?"

"மோட்டார் ஓடும்போதுங்க. உங்களுக்குக் கேக்காது."

செபாஸ்தியானுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. யாருக்காக மகளைத் தெரியாதென்றாரோ, அவனே அந்தக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மதிக்கவில்லை.

குழந்தையை யார் தூக்கிப் போனார்கள், என்ன பேர் வைத்தார்கள் என்று டென்னிஸைக் கேட்டால் சொல்லுவான். பேத்தியின் பேரை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

அவர் மணிக்கட்டைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, பூமாலை மோட்டார் கொட்டகைக்கு நடந்தான். முந்தின நாள்தான் பாய்ச்சிய நிலம், இன்னும் ஈரம் காயவில்லை. ஆனாலும் மோட்டார் இரைந்தது.

செபாஸ்தியான் ஜெனிபரின் பெயரைத் தொட்டு, வாட்ச்சைக் காதோடு அழுத்திப் பிடித்தார். அந்த இரைச்சலுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.