சாமிக்குப் பல் கட்ட எத்தனை நாள் ஆகும்?

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. குணசீலன் கேட்டது ஒரு கட்டுரை.

குணசீலன் ஒரு மருத்துவ மாத இதழை நடத்துகிறவர். "புதுசா பல்செட் செய்ய எவ்ளோ காலம் ஆகும்னு ஒரு வாசகர் கேட்டிருக்காரு. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இலக்கியத்த மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றார் போனில். என்னுடைய இரண்டு நாவல்களையும் வாங்கி வைத்திருக்கிற ஒரே மனிதர் அவர்தான். படித்தாரா என்று கேட்டு நட்பைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

எனக்கும் அப்போது கடைவாய்ப் பல் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. சந்தவாசலில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் டாக்டர் நிவேதாவின் பல் ஆஸ்பத்திரி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல் பிடுங்கிய புண் ஆறுவதற்குச் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். பிறகு ஈறை அளவெடுக்க வேண்டும். மெழுகை வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். மெழுகிலேயே பல்லைப் பதித்து வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் செட். ஒவ்வொரு தடவையும் அச்சு வேலூரில் பல் செய்கிற லேபுக்குப் போய் வரும்.

"எல்லாம் சரியா போனா, புண் ஆறின பிறகு ஒரு மாசம் சார்" என்றார். சொல்லிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவர் போல ஹாலைப் பார்த்தார். அங்கே பெஞ்சில் ஒரு மலைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்கு மட்டும் சரியாவே போக மாட்டேங்குது" என்றார்.

2

முதல் தொடக்கம்:

"ஜவ்வாது மலையின் மேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், கோபால்சாமி தன் பொக்கை வாயைத் திறந்து —"

[வேண்டாம். மலை என்றால் மேகம் தவழ்ந்தே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.]

இரண்டாவது தொடக்கம்:

"பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கோபால்சாமி விஷயத்திலோ —"

[பழமொழியில் தொடங்கினால் அடுத்து 'நடுவர் அவர்களே' என்று வந்துவிடும்.]

மூன்றாவது:

கோபால்சாமி மேல் சாமி வரும்.

இதை வைத்துக்கொள்கிறேன். சாமி வராமல் இந்தக் கதை நகராது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலை ஊர். பெயர் சொல்ல மாட்டேன், அங்கேயிருந்து எனக்கு இன்னும் பலாப்பழம் வர வேண்டியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் கோபால்சாமி அங்கே சாமை விதைக்கிறார், புளி உலுக்குகிறார். ஆடித் திருவிழாவில் பம்பை அடித்தால் வேடியப்பன் அவர்மேல் இறங்குவார். ஊர் கேட்கும், சாமி பதில் சொல்லும். சாமி சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது.

போன ஆடியில் ஊர் கேட்ட கேள்வி கோபால்சாமியின் சொந்த மகளைப் பற்றியது. தமிழரசி, ஒரே மகள். படவேட்டில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் அருளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அருள் மலைக்காரனும் இல்லை, அவர்கள் சாதி ஆளும் இல்லை. ஊர் அவளை ஒதுக்கி வைத்தது. அவள் மலையேறக் கூடாது. பெற்றவர்கள் அவளோடு பேசக் கூடாது, அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் பருகக் கூடாது. மீறினால் அவர்களுக்கும் அதே கதிதான். ஒரு வருஷம் ஆன பிறகு, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சாமியிடம் கேட்டார்கள்.

கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், ஆடிக்கொண்டிருந்த பற்களையெல்லாம் கோபால்சாமி மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

பம்பை அடித்தது. வேடியப்பன் இறங்கினார். உரத்த குரலில் தீர்ப்புச் சொன்னார்:

"ஹேத்...க்கோ."

பாதி ஊருக்கு அது 'சேத்துக்கோ' என்று கேட்டது. மகளை அழைத்துக்கொள் என்று அர்த்தம். மீதி ஊருக்கு 'தேத்திக்கோ' என்று கேட்டது. அவள் போனாள், மனசைத் தேற்றிக்கொள் என்று அர்த்தம். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் 'ஹேத்...க்கோ'தான் வந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி: நம்பாதவர்கள் உதட்டைப் பல்லின்மேல் மடித்துக்கொண்டு இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்க்கலாம். வீட்டில் யாரும் இல்லாதபோது செய்வது நல்லது.)

ஊர்க் கவுண்டர் முனிசாமி யோசித்து முடிவு சொன்னார். "சாமி சரியாத்தான் சொல்லிகீது. நமக்குத்தான் வெளங்கல. மொதல்ல சாமிக்குப் பல்லு கட்டுங்க. பல்லு வந்த மறு செவ்வாக்கெழம பம்பைய வெச்சிக் கேட்டுக்கலாம்."

ஆஸ்பத்திரி பெஞ்சில் கோபால்சாமியின் மனைவி மங்கம்மாள் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"இன்னா சார் சிரிக்கிறீங்க?" என்றார் அவர். "எம் பொண்ணு இவரு பல்லு நடுவுல மாட்டிக்கினு கீறா."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

கோபால்சாமி எனக்குப் பிடிபடவில்லை. இது கதாசிரியன் ஒப்புக்கொள்ளக் கூடாத விஷயம்.

முதலில் அவரை ஒரு தந்திரக்காரராக எழுதினேன். மகள் விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே மென்று விழுங்கியவர். ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. பிறகு அப்பாவியாக எழுதினேன். "அந்த வெள்ளந்தி மனிதரின் கண்களில் —" என்று தொடங்கியதுமே எனக்கே கூச்சமாகிவிட்டது. மலைக்காரர் என்றால் வெள்ளந்தி என்று கீழே சமவெளியில் இருக்கும் எழுத்தாளர்கள் எழுதி எழுதித் தேய்த்த சொல் அது.

நேராகவே கேட்டுவிட்டேன். "அன்னிக்கு இன்னா சொன்னீங்க? உங்களுக்குத் தெரியும் இல்ல?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பல் இல்லாத பேச்சில் நிதானமாகச் சொன்னார். (அவர் பேச்சை இனி நான் திருத்தித்தான் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் ஊரில் வந்த சண்டை உங்களுக்குள்ளும் வந்துவிடும்.)

"சாமி வந்தா நான் அங்க இருக்க மாட்டேன் சார். நீங்க வூட்ல இல்லாதப்போ ஒருத்தர் வந்து பேசிட்டுப் போறாரு. இன்னா பேசுனாருன்னு உங்களக் கேட்டா நீங்க இன்னா சொல்வீங்க?"

"சரி, சாமி இல்லாதப்போ? பெத்த அப்பனா நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பல்லை எப்படித் துலக்க வேண்டும் என்று காட்டும் படம்.

"அத யாரும் இதுவரைக்கும் கேக்கல" என்றார். அத்தோடு அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

4

என் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்ததால் நானும் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. அப்போதுதான் இன்னொரு நோயாளியைக் கவனித்தேன். துண்டை மடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண். கோபால்சாமி வருகிற நாளில்தான் அவளுக்கும் பல் வலி வரும்.

அவள் மங்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்காருவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் ஒரு மஞ்சள் பை இருக்கும். வரும்போது அது மங்கம்மாளின் பக்கம் இருக்கும், போகும்போது அவள் பக்கம் போயிருக்கும்.

மங்கம்மாள் தன் கணவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்: "ஏங்க, நம்ம பலா இந்த வருசம் நல்லா காச்சிகீது, இல்ல? வெள்ள ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி, இல்ல?"

காது மந்தமில்லாத கோபால்சாமி தலையாட்டுவார்.

உடனே அந்தப் பெண் போனைக் காதில் வைப்பாள். அந்தப் போன் அடித்து நான் பார்த்ததில்லை. "நல்லாத்தான் கீறேன். வேளைக்குச் சாப்புடறேன். இவரு நல்லா பாத்துக்கறாரு. நீ ஒண்ணும் கவலப்படாத" என்பாள்.

பேசக் கூடாது என்றுதான் ஊர் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரிடமோ பேசக் கூடாது என்று சொல்லவில்லை. மலையில் இது நடந்தால் ஊரைவிட்டே ஒதுக்குவார்கள். இங்கே நோயாளிகள் பெஞ்சு ஒன்றுதான், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று யார் கேட்பது?

இப்போது டாக்டரின் குறையைக் கேளுங்கள். அளவெடுத்த நாளில் கோபால்சாமி நாக்கை அசைத்துவிட்டார், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மெழுகைத் தப்பாகக் கடித்தார். மெழுகில் பதித்த பல் வந்ததும் மங்கம்மாள் தடுத்தார். "ரொம்ப வெள்ளையா கீதுங்க. சாமி சிரிச்சா கொழந்தைங்க பயந்துக்கும்." பல் வேலூருக்குத் திரும்பிப் போனது. பழுப்பாக வந்தது. "இது இன்னா, பீடி குடிச்ச பல்லு மாரி கீது" என்றார். மறுபடியும் போனது. செட் வந்த பிறகு மேலே இறுக்கம், கீழே தளர்ச்சி, அடுத்த வாரம் கீழே இறுக்கம், மேலே தளர்ச்சி.

நாக்கை அசைத்ததும் தப்பாகக் கடித்ததும் தற்செயல் என்றுதான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கன்னத்தில் துண்டு இல்லை. "நீங்கதான தமிழரசி?" என்றேன். மறைக்கவில்லை.

"அம்மாவுக்கு இது இப்டியே இழுத்துக்கினு கெடந்தா போதும் சார். மாசத்துக்கு ரெண்டு தபா என்னப் பாக்கறாங்களே. பல்லு வந்துட்டா கேட்டே ஆவணும். சாமி 'தேத்திக்கோ'ன்னுட்டா இந்தப் பெஞ்சும் இல்லன்னு பயம்."

"உங்களுக்கு?"

"எனக்கு முடியல சார். எங்கம்மாகிட்டயே போன் பேசற மாரி நடிச்சிக்கினு எத்தினி நாளு? மலைல எங்கம்மா வூட்டு வாசல்ல நின்னு நான் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கணும். இல்லன்னா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடட்டும். அழுது தீத்துட்டுப் போறேன்."

டீ ஆறிப் போயிருந்தது. ஒரே பல், ஒருத்திக்கு அது வரவே கூடாது, இன்னொருத்திக்கு இன்றே வர வேண்டும். இருவருமே சரி.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ. செவ்வாய்க்கிழமை. பம்பை முழங்குகிறது. வேடியப்பன் புதுப் பல் மின்ன, "சேத்துக்கோ" என்கிறார். முனிசாமியே தண்ணீர்ச் சொம்போடு ஓடிவருகிறார். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

ஆ. "தேத்திக்கோ" என்கிறார். மங்கம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இப்படி முடித்தால் விமர்சகர்கள் மெச்சுவார்கள். மங்கம்மாள் அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

இ. சாமி ஆடுகிற ஆட்டத்தில் செட் கழன்று விழுகிறது. அதை எடுத்து என்ன செய்வது என்று ஊர் கூடி —

[குணசீலன் போன். "கட்டுரை இன்னா ஆச்சி?" "இன்னும் பல் வரல" என்றேன். "யாருக்கு?" என்றார். வைத்துவிட்டேன்.]

ஈ. என்று போட்டு வைத்தேன், எதுவும் வரவில்லை. ஈ என்று இளித்துக்கொண்டு நிற்கிறது.

6

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் என்னிடம் சரக்கு இல்லை.

வேர் சிகிச்சை பலிக்காமல் அன்று என் பல்லைப் பிடுங்கிவிட்டார் டாக்டர். குழியில் பஞ்சை அடைத்து, "ஒரு மணி நேரம் வாயத் தெறக்கக் கூடாது, பேசவே கூடாது" என்று ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்தார். அடுத்து கோபால்சாமி உள்ளே வந்தார், கூடவே மங்கம்மாள். திரைத்துணிக்கு அந்தப் பக்கம் ஹால். பெஞ்சில் தமிழரசி.

டாக்டர் செட்டை மாட்டினார். விரலால் அழுத்திப் பார்த்தார், கடிக்கச் சொன்னார், தலையை ஆட்டிக்கொண்டார். "அவ்ளோதான் ஐயா. இனிமே நான் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பேசுங்க. 'ச' வர்ற மாதிரி ஒரு வார்த்த, 'த' வர்ற மாதிரி ஒரு வார்த்த. எதுனா சொல்லுங்க."

கோபால்சாமி கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஒட்டிப்போயிருந்த கன்னம் நிமிர்ந்து, மனிதர் ஊர்க் கவுண்டர் மாதிரியே இருந்தார்.

"சேத்துக்கோ" என்றார்.

மணிமணியாக வந்தது சொல்.

அடுத்ததாக, அதே குரலில், அதே நிதானத்தில், "தேத்திக்கோ" என்றார்.

(இதை வைத்து அவர்மேல் பழி போட முடியாது. ஒரு வருஷமாக ஊரே மென்று துப்பிய இரண்டு சொற்கள் அவை. ச என்றதும் த என்றதும் வேறு எது வாயில் வரும்?)

"ரெண்டுமே சுத்தமா வருது" என்றார் டாக்டர், சந்தோஷமாக.

மங்கம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல டாக்டரம்மா. அவருக்கு ஈறு உறுத்துது."

"உறுத்துதா ஐயா?"

கோபால்சாமி மனைவியைப் பார்த்தார். திரைத்துணியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டுச் செட்டைக் கழற்றி டாக்டரின் தட்டில் வைத்தார். பொக்கை வாய் மறுபடியும் உள்ளே ஒடுங்கியது.

"ஆமாங்க, உறுத்துது" என்றார். வேர்த்திருந்தார்.

திரைத்துணி விலகியது. கன்னத்துத் துண்டு தோளில் கிடக்க, தமிழரசி நின்றாள். பெற்றவர்கள் பக்கம் அவள் கண்கள் போகவில்லை. "உறுத்தல டாக்டர். வெளிய இருந்து கேட்டேன். நல்லா தெளிவா கேட்டுது. முடிஞ்சிச்சின்னு எழுதிக் குடுங்க."

"இன்னும் ஒரே ஒரு தபா பாத்துடுங்க டாக்டரம்மா" என்றார் மங்கம்மாள். அவரும் மகளைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் டாக்டரின் கோட்டைப் பிடித்திருந்தது.

டாக்டர் நிவேதாவுக்கு மலையைப் பற்றியோ செவ்வாய்க்கிழமையைப் பற்றியோ எதுவும் தெரியாது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க வெளியாள். பக்கத்துலயே இருந்து கேட்டீங்க. சொல்லுங்க, செட்டு முடிஞ்சிச்சா, இன்னும் வேல இருக்கா?"

நால்வரும் என்னையே பார்த்தார்கள். கோபால்சாமியின் பார்வைதான் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்கு வாய் நிறையப் பஞ்சு. உங்களுக்கு இல்லையே, சொல்லுங்கள்.