ஆறு மணிக்கு முன்னால்

நல்லதம்பிக்குக் கரண்ட் கிறுக்குப் பிடித்தது மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் புனலூரில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான். அங்கே அவன் வீட்டுக்கு மாலை ஆறிலிருந்து பத்து வரை யூனிட் ரேட் கூடுதல், பகலில் குறைவு. அவன் பில்லைக் காட்டிப் பெருமையடித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், குத்துக்கல்வலசை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். துவைப்பது, அரைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் ஆறு மணிக்குள் முடிய வேண்டும்.

அவர் மனைவி செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஊர்ல வீட்டுக்கு அந்த ரேட்டே கிடையாதே! யாருக்கு மிச்சம் பிடிக்கிய?"

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்லா. இப்பமே பழகிக்கிடணும்ட்டி."

ரிட்டயராகிச் சும்மா இருக்கும் மனுஷன், விளையாடிவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

ஆனி மாதம் சாரல் பிடித்தது. பின்பக்கத்துச் சுவர் ஊறிப்போய், வாஷிங் மெஷினைப் போட்டாலே கரண்டைத் துண்டிக்கும் டிரிப்பர் டப்பென்று விழுந்தது. எலக்ட்ரீஷியன் ஸ்டான்லி வந்து பார்த்தான்.

"ஈரத்துல எங்கனயோ கரண்ட் லீக் ஆவுது அண்ணாச்சி. சுவர் காயட்டும், வயரை மாத்திருவோம். அதுவரைக்கும் மெஷினைப் போடாதிய. டிரிப்பர் விழுதது நம்ம உசுரக் காப்பாத்தத்தான்."

அவன் பைக் தெருமுனையைத் தாண்டவில்லை, நல்லதம்பி ஸ்டூலில் ஏறிவிட்டார். ஒரு துண்டு வயரைப் போட்டு, டிரிப்பருக்குப் போகாமலே கரண்டைக் கொடுத்தார். "இப்பம் விழட்டும், பாப்போம்" என்று சிரித்தார்.

விழவே இல்லை. மெஷின் ஓடும்போதெல்லாம் அந்த 'டப்' சத்தம் கேட்காதா என்று செண்பகவல்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குழாயைத் தொட்டால்கூட விரலில் சுள்ளென்றது.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிருவோம்ங்க. அந்த வயரை எடுத்துருங்க" என்று கெஞ்சினாள்.

"வயசானா நரம்பு அப்படித்தான் இழுக்கும்" என்றார் அவர். தானே பிடுங்கிவிடலாமா என்று ஸ்டூல் வரைக்கும் போனாள். தொடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறுக்குப் பத்து நிமிஷம். மெஷின் பாதியில் நின்றது. "ஐயையோ, நேரமாச்சே!" என்று ஈரத்தரையில் வெறுங்காலோடு ஓடினார். அடுக்களையில் இருந்தவளுக்கு ஒரு முனகல்தான் கேட்டது. எட்டிப் பார்த்தால், மெஷினில் வைத்த கையை எடுக்க முடியாமல் அவர் உடம்பு வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்கப் போனவள், எப்படியோ சுதாரித்து முன்னறைக்கு ஓடி மெயினை இறக்கினாள். தொப்பென்று விழுந்தார்.

"ஐயோ, என் சாமி! கண்ணைத் திறங்க!" நெஞ்சைப் போட்டுக் குலுக்கினாள். வாசல் பக்கம் திரும்பித் தெருவையே கூப்பிட்டாள். மூச்சு வந்தது. கண்ணும் திறந்தது. இருட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஏட்டி, ஆறு ஆயிட்டா? மெயினைப் போடு. ஒரு அலசுதான் பாக்கி."

அவர் விழுந்து கிடந்தபோதுகூட அவளுக்கு இப்படிப் பயம் வரவில்லை. வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. ஆடி கழிந்தால்தான் சாரல் ஓயும், சுவர் காயும். ஆடி இன்னும் பிறக்கவே இல்லை.