இரண்டு கேன் தண்ணீர்

...அப்படியென்றால் வித்தியாசமே இல்லையா, நாற்பது காடைகளின் இறகிலும் ஏறக்குறைய ஒரே எண்தானா, ஆய்வகத்திலிருந்து வந்த காகிதத்தை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் அதேதான், கொட்டாம்பட்டியில் ஏறிய பஸ் மேலூரைத் தாண்டியும் சிவக்குமாருக்கு ஆறவில்லை. இடது வரிசைக்குக் கிணற்றுத் தண்ணீர், வலது வரிசைக்குக் கொடைக்கானலிலிருந்து சுமந்து வந்த தண்ணீர், மலைத் தண்ணீரில் கன ஹைட்ரஜன், அதாவது எடை கூடிய வகை, குறைவு, தீனி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பு... இறகில் சேரும் ஹைட்ரஜனில் குடித்த தண்ணீரின் பங்கு எவ்வளவு, தின்ற தீனியின் பங்கு எவ்வளவு, இவ்வளவுதான் கேள்வி, இதற்கு மூன்று வருஷம், எல்லாம் பாழ்.

காலையில் கொட்டகையில் கேட்டபோது சின்னான் மறைக்கவில்லை. காடைகளைப் பார்த்துக்கொள்ளும் மனிதர், அப்பா வயசு. "ரெண்டு கேனையும் ஒரே குடத்துல ஊத்தித்தான் தம்பி வச்சேன். ஒரே கொட்டாய்ல கெடக்குற உசுருகளுக்கு ரெண்டு தண்ணியா? எங்கூரு டீக்கடையில எங்க ஆளுகளுக்குத் தனி கிளாஸு. அதுல குடிச்ச கையால இதைச் செய்ய மனசு வரல." திட்டத்தான் வாயைத் திறந்தான்... எதற்கு இரண்டு தண்ணீர் என்று அவரிடம் ஒரு நாளாவது சொன்னானா? ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பிருந்தா மேடத்துக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினான், சின்னானிடம் மட்டும், இதை இங்கே ஊற்று, அதை அங்கே ஊற்று... சொன்னால் அவருக்குப் புரியாது என்று யார் முடிவு செய்தது?

மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் மாறினான். தப்பு யாருடையது என்று மேடம் எழுதித் தரச் சொல்வார். சின்னான் பேரை எழுதினால் நாளைக்கே அவருக்கு வேலை போகும், தன் பேரை எழுதினால் உதவித்தொகை நின்றுபோகும், அதோடு ஆராய்ச்சியும்... பேனாவைத் திறந்தான், மூடினான். சின்னான் இவன் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்கவைத்து உள்ளங்கையில்தானே தண்ணீர் வார்ப்பாள், கை படாமல், உயரத்திலிருந்து... பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன்தானே இவன், இப்போது அவர்மேல் கோபப்பட என்ன யோக்கியதை? வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றது. மடியில் நோட்டு, வெறும் தாள். ஒவ்வொரு காடையும் நாளுக்கு எத்தனை மில்லி குடித்தது என்பதெல்லாம் அதன் முன்பக்கங்களில் இருக்கிறது. சோதனை நடந்த எட்டு மாதமும் அதே கொட்டகை வெக்கையில் வேலை பார்த்த சின்னான், தாகம் எடுத்தபோது எங்கே போய்த் தண்ணீர் குடித்தார்... அவனுக்குத் தெரியவில்லை.