இலையில் விட்டுப்போன கட்டு

சேலை முந்தானையில் ஜரிகை நீளமாக ஓடும் இடங்களில் நடுநடுவே கட்டு வைக்க வேண்டும். டிசைனில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதைக் குறிப்பார்கள். அந்தப் புள்ளிகள்தான் ஜரிகையைத் துணியோடு பிடித்து வைக்கும். விட்டுப்போனால் ஜரிகை தொங்கி, வளையலில் மாட்டி அறுந்துவிடும். ஆரணியில் ஆறு வருடமாக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடும் தேவிப்ரியாவுக்கு இது தெரியாததல்ல.

ஆனாலும் ஒரு நாள் மதியம் முந்தானை டிசைனில் ஓர் இலைக்குக் கட்டு வைக்க மறந்துவிட்டாள். இரண்டு வயது இளவரசன் தூங்கும் ஒரு மணி நேரம்தான் அவளுடைய வேலை நேரம். மூன்றாவது இலையில் கை வைத்தபோது அவன் எழுந்து அழுதான். அவனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், கீபோர்டின் பக்கத்தில் சுருண்டு கிடந்த பூனை மஞ்சாவைத் தடவிக்கொண்டே, எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் டிசைனை அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பட்டு வியாபாரி சிவப்பிரகாசம் போன் செய்தார்.

"தேவிம்மா, முந்தானையில மூணாவது எலைல ஜரிகை மொத்தமா தொங்குதே. வெரல உட்டா உள்ள போவுது. இன்னா ஆச்சு?"

சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு இவளால் முடியவில்லை என்று அவர் நினைத்துவிட்டால் இந்த வேலை போய்விடும். அவள் காலடியைப் பார்த்தாள். மஞ்சா அங்கே முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

"பூனைங்க மொதலாளி. கீபோர்டு மேல நடந்துடுச்சி. நான் கவனிக்கல."

"செரிம்மா. வாயில்லா ஜீவன், அது இன்னா பண்ணும். திருத்தி அனுப்பு."

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். மாலையில் அவள் கணவன் ராஜ்குமார் வந்தான். சிவப்பிரகாசத்தின் தறிக்கூடத்தில்தான் அவன் நெய்கிறான்.

"'இனிமே உன் பொண்டாட்டிக்கு வேல இல்லடா, பூனையே டிசைன் போடுது'ன்றாரு மொதலாளி. கூடமே சிரிக்குது. ஒரு சேல பாழு. பேஜாரா கீது தேவி. நாளைக்கு படவேடு கோயிலுக்குப் போறேன்ல, பூனைய அங்க உட்டுட்டு வந்துடறேன்."

"பாவம்ங்க."

"இன்னா பாவம்? அம்மன் பாத்துக்கும்."

அப்போது சொல்லியிருக்கலாம். காலையில் அவன் பையை எடுத்தபோதும் சொல்லியிருக்கலாம். மஞ்சா அவனிடம் சிக்காமல் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"நீ கூப்டு. உங்கிட்டதான் வரும்."

தேவிப்ரியா கூப்பிட்டாள். மஞ்சா வெளியே வந்து அவள் முழங்காலில் தலையை உரசியது. அவளே தூக்கிப் பையில் விட்டாள்.

பைக் போன பிறகு இளவரசன் பீரோவுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பிறகு தன் இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்து, வாசல் ஓரம் இருந்த பூனைத் தட்டில் வைத்தான். "மஞ்சா, தின்னு." சனிக்கிழமையும் வைத்தான். ஞாயிற்றுக்கிழமையும் வைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, பூனை எதுவும் பண்ணல. நான்தான் மறந்துட்டேன்."

ராஜ்குமார் வாயிலிருந்த இட்லியை மெல்லாமல் அவளைப் பார்த்தான்.

"பைய கையில புடிச்சிகினு நின்னேனே. அப்பக்கூட சொல்லலியே நீ."

அவன் கை கழுவிவிட்டு பைக் சாவியை எடுத்தான். "புள்ளையத் தூக்கு. போய்ப் பாக்கலாம்."

படவேட்டில் கோயில் தெருவை இரண்டு முறை சுற்றினார்கள். இளவரசன் தனக்குத் தெரிந்த குரலில் எல்லாம் கூப்பிட்டான். பூக்காரி சின்னபொண்ணுதான் விவரம் சொன்னாள்.

"மஞ்சப் பூனைதான? ரெண்டு நாளா இங்கதான் கத்திகினு இருந்திச்சி. ஆசையா பால் ஊத்தனேன், மோந்துகூட பாக்கல. பைக் வந்து நின்னா மட்டும் ஓடிப் போய்ப் போய் பாக்கும். இன்னிக்கி விடிஞ்சதுலேர்ந்து காணோம்."

ராஜ்குமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அழுவாதம்மா," என்றாள் சின்னபொண்ணு. "நம்பர் குட்த்துட்டுப் போ. வந்தா போன் பண்றேன். தெனம் ஒரு வாய் பால் வெக்கிறேன், எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது."

திங்கட்கிழமை தேவிப்ரியா சிவப்பிரகாசத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள்.

"தெரியும்மா," என்றார் அவர். "பூன நடந்தா, சொல்லிவெச்ச மாரி ஒரே எலைல கட்டு மட்டுமா அழியும்? கொழந்தய வெச்சிகினு கஷ்டப்படற பொண்ணு, உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னுதான் கூடத்துலயும் பூனன்னே சொல்லிச் சிரிச்சிட்டேன்." பிறகு மெல்லக் கேட்டார்: "அத கொண்டு போயி உட்டுட்டீங்களா?"

"ஆமாங்க."

"அடடா. நான் சிரிக்காம இருந்திருக்கணும்."

அவர் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரக்கம் மஞ்சாவுக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்திருக்கும்.

சின்னபொண்ணிடமிருந்து இதுவரை போன் வரவில்லை. இளவரசன் இன்னும் தினமும் இட்லித் துண்டு வைக்கிறான். எறும்பு மொய்த்த பிறகு தேவிப்ரியா தட்டைக் கழுவி, அதே இடத்தில் வைக்கிறாள். மதியம் அவன் தூங்கியதும் வேலைக்கு உட்காருகிறாள். கீபோர்டின் பக்கத்தில் அந்த இடத்தில் அவள் எதையும் வைப்பதில்லை. மஞ்சா திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. படவேட்டு அம்மன் ரேணுகாம்பாளிடம் ஒன்று மட்டும் கேட்கிறாள்: எங்கே இருந்தாலும், யாராவது ஊற்றும் பாலை அது குடிக்கட்டும்.