இன்னைக்கு எப்படி இருக்கு?

பானையின் மூடியைத் திறந்ததும் ஃபோட்டினி முதலில் கொழுப்பைத்தான் எடுத்தாள். குளிர் அறையிலேயே கிடந்ததில் அது பானையின் வாய் முழுக்க இறுகிப்போயிருந்தது. தட்டைக் கரண்டியை ஓரத்தில் செருகி நெம்பினாள். பெரிய துண்டாக உடைந்து வந்தது. காலையில் கல்லறைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்பு உடையை அவள் இன்னும் மாற்றவில்லை. அதன் மேலேயே ஏப்ரனைக் கட்டியிருந்தாள்.

அப்பா அடுப்பை அணைத்தபோது இது உருகிக் கிடந்தது, அவரும் இருந்தார். இது இறுகியபோது அவர் இல்லை. இதையெல்லாம் நினைக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். சொன்னால் மனசு கேட்கிறதா?

இன்று வேகவைப்பதை நாளைக்குத்தான் பரிமாறுவது. அரைத்த மாட்டிறைச்சியைப் பட்டை, கிராம்பு, தக்காளியோடு கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்கக் குளிரவைத்து, மறுநாள் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, சூடாக்கி, ஸ்பகெத்தி மேல் ஊற்றி, அதற்கும் மேலே துருவிய சீஸைக் குவிக்க வேண்டும். சின்சினாட்டியில் சில்லி என்றால் இதுதான். வெளியூர்க்காரர்கள் தட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் அப்பா ஆர்கிரிஸ் கிரீஸிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்து, ஆற்றங்கரையில் இந்தச் சின்னக் கடையைப் போட்டு, ஆயுள் முழுக்க இந்தப் பானை முன்னால்தான் நின்றார்.

ஆறே உறைந்து கிடந்த குளிரில், முந்தாநாள் காலை, பானையைக் குளிர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர், பக்கத்தில் கிடந்த பால் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அந்தக் கதவிலேயே சாய்ந்துவிட்டார். கடையில் வேலை செய்கிற மேவிஸ்தான் பார்த்தாள். தூங்குகிறார் என்று நினைத்து, "பெரியவரே, வெங்காயம் எடுக்கணும், கொஞ்சம் நகருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு நாளாக அழுகிறாள்.

இப்போது அவள்தான் அடுக்களை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மேவிஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கென்டக்கிக்காரி. ஃபோட்டினி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இங்கே தட்டு தூக்குகிறவள்.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அதை அப்படியே கொட்டிடலாம்."

"என்னது?"

"இன்னைக்குக் கடை வேணாம். செத்த அன்னைக்கு வச்ச பானை. எனக்கென்னவோ மனசு ஒப்பல."

"பேய் புடிச்சுக்கும்னு பயமா?"

"போடி இவளே! உங்கப்பா உசுரோட இருக்கும்போதே சத்தமில்லாம பின்னாடி வந்து நிப்பாரு. அதுக்கே பயப்படாதவ நான்."

"அப்ப வேற என்ன?"

மேவிஸ் வாயைத் திறந்தாள். பிறகு ஏப்ரன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

"கல்லறைகிட்ட நின்னு எல்லாரையும் கூப்பிட்டுட்டேன் மேவிஸ். அப்பா கையால வச்ச கடைசிப் பானை இது. சர்ச்சுல சாவுச் சாப்பாடுன்னு போட்ட மீனைத் தின்னுட்டுப் போனா போதுமா? அவரோட ஆளுங்க யாரு, இந்த ஸ்டூல்ல உக்கார்றவங்கதானே? அவங்க வயிறு நிறைய இதைச் சாப்பிட்டுப் போகணும். அந்த மனுஷனுக்கு இதைவிட என்ன மரியாதை பண்ண முடியும் என்னால?"

"சரி, சரி. உன் இஷ்டம்."

ஃபோட்டினி பானையை அடுப்பில் ஏற்றினாள். மெல்ல வாசனை கிளம்பியது. பட்டை முதலில், அப்புறம் மற்றதெல்லாம். அவர் சட்டையில், தலைமுடியில், காரின் இருக்கையில் எப்போதும் இருந்த வாசனை. சவப்பெட்டியில் அவரைக் குனிந்து முத்தமிட்டபோது அது இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது. யாரோ ஒரு வயசாளிக்கு முத்தம் கொடுத்ததுபோல இருந்தது அவளுக்கு. இப்போது பின்னாலிருந்து வருகிறது, திரும்பினால் இருப்பார் என்கிற மாதிரி. திரும்பவில்லை. அடுப்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஆள் போகத்தான் வழி. கரண்டியை எடுக்கத் திரும்புகையில் அவள் உடம்பு தானாக ஒருக்களித்து வழிவிட்டது. யாருக்கு விட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. நாற்பது நாள் ஆத்மா நடந்த இடத்திலேயே நடக்கும் என்று பாதிரியார் காலையில் சொன்னார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னதுதான்.

ருசி பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாளெல்லாம் அந்த ஆவியில் நிற்கிறவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ரொட்டியும் முட்டையுமாகத்தான் அவள் சாப்பாடு. தவிர, அது அப்பாவின் பானை. அவர் இருக்கும்போது இன்னொருத்தர் கரண்டி அதற்குள் போனதில்லை.

கதவைத் திறந்ததுமே கூட்டம் வந்துவிட்டது. கோட்டுகளில் பனி ஒட்டியிருந்தது. ஹெர்ஷல் டனவே தன் வழக்கமான ஸ்டூலில், கல்லாவுக்கு நேர் எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பெண்டாட்டி போனபிறகு மத்தியானச் சாப்பாடே இங்கேதான். அப்பாவை அவர் 'ஆர்ஜி' என்பார். அப்பா அவரை 'ஓசிக் காப்பி' என்பார்.

"உங்கப்பன் இன்னைக்காவது சும்மா இருப்பான்னு பாத்தேன். சமைச்சு வச்சுட்டுப் போயிருக்கான் பாரு" என்றார் ஹெர்ஷல். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை.

"மூணு தட்டு, ஒண்ணுல வெங்காயம்!" என்று மேவிஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அப்பா எப்போதும் உள்ளேயிருந்து கொடுக்கும் பதிலுக்காக நின்றாள். ஃபோட்டினியும் கையில் தட்டோடு நின்றாள். அடுக்களை ஜன்னலில் புகைபோக்கி விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடையே அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது. யாரோ செருமினார்கள். பிறகு ஃபோட்டினி உள்ளே போய்க் கரண்டியை எடுத்தாள்.

எல்லோருக்கும் வைத்தாயிற்று. முள்கரண்டிகள் சீஸைக் குடைந்து இறங்கின. ஃபோட்டினி கல்லாவில் சாய்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அதுதான். அப்பாவின் கைமணத்தை அவர்கள் கடைசியாக ஒரு தடவை அனுபவிப்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் வாயோடு கடை அடங்கிப்போனது. துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஹெர்ஷல் மென்றார், நிறுத்தினார், தண்ணீரை எடுத்து மடமடவென்று பாதி டம்ளர் குடித்தார். மறுபடி ஒரு வாய். பக்கத்து ஸ்டூலில் தபால்காரர் சில்லியோடு வைக்கிற உப்பு பிஸ்கட்டைக் கைநிறைய அள்ளி நொறுக்கித் தட்டில் போட்டார். அவருக்கு அடுத்தவர் உப்பு டப்பாவை எட்டி எடுத்தவர், அவள் பார்ப்பதைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, வேலை செய்கிறவர்கள் மாதிரி, தின்றுகொண்டே இருந்தார்கள்.

ஃபோட்டினி கல்லாவை விட்டு நகர்ந்தாள். உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள்.

உப்பே இல்லை. கிராம்பு நாக்கில் ஏறி, ஈறுக்குப் போய், தொண்டை வரை மரத்தது. பல் வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெயைக் குடித்தது போல இருந்தது. பட்டை வாசனை தூக்கலாக இருந்ததில் முகர்ந்தபோது தெரியவில்லை. ஒரு தடவை போட்டதை மறந்து மறுபடி மறுபடி போட்டிருக்கிறார்.

எச்சில் தட்டுகளோடு உள்ளே வந்த மேவிஸின் கையை அவள் பிடித்தாள்.

"உனக்குத் தெரியும்."

மேவிஸ் தட்டுகளைத் தொட்டியில் வைத்தாள்.

"அதுக்குத்தான் கொட்டச் சொன்ன."

"நான் என்னத்தச் சொல்லுவேன் கண்ணு."

"எப்பலேர்ந்து?"

"இலை உதிர ஆரம்பிச்சப்பவே. தினமும் இல்ல. ஒரு நாள் சரியா இருக்கும், ஒரு நாள் உப்புக் கரிக்கும், ஒரு நாள் இப்படி. அவருக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. போட்டோமா இல்லையாங்கிற ஞாபகமும் போச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"திங்கறவங்களுக்குத் தெரியாதா?"

ஃபோட்டினி சுவரில் சாய்ந்துகொண்டாள். இலையுதிர் காலத்திலிருந்துதான் அப்பா புதுசாக ஒன்று பழகியிருந்தார். அதற்கு முன்னால் எவனாவது உப்பு கேட்டால் முறைப்பார். கெட்சப் கேட்ட ஒருத்தனைக் கடையை விட்டே விரட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, ஒவ்வொரு ஸ்டூலாக நின்று, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். வயசானதும் மனுஷன் கனிந்துவிட்டார் என்று இவள் சந்தோஷப்பட்டாள்.

"நிஜமாவே கேட்டிருக்காரு" என்றாள். "தெரியாமத்தான் கேட்டிருக்காரு."

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்பவும் போலத்தான் ஆர்ஜின்னோம். அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற எதைச் சொல்ல? ஹெர்ஷல் ஒரு நாள் சொல்லிடறேன்னு வீறாப்பா உக்காந்தாரு. இவரு வந்து தோள்ல கையை வச்சதும், 'பிரமாதம்டா'ன்னு சொல்லி இன்னொரு தட்டு வாங்கித் தின்னாரு. போய்க் கார்ல உக்காந்து அழுதாரு."

"சொல்லியிருந்தா சரிபண்ணியிருக்கலாம் மேவிஸ். நான் பக்கத்துல நின்னு போட்டுக் குடுத்திருப்பேனே. ஊரையே கேட்டாரு. என்னைக் கேக்கல. ஒரே ஒரு நாள்கூட என்னைக் கேக்கல."

மேவிஸ் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"உன்னைக் கேட்டா நீ சொல்லிடுவேல்ல."

ஃபோட்டினிக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. முகத்துக்கு நேரே பேசுகிறவள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அம்மாவின் சமையலைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. அப்பா அதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார். அதே அப்பா கடைசி மாதங்களில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே அவளுக்குப் பயந்துகொண்டிருந்தார்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ அவள் முகத்தையே பார்ப்பது போலிருந்தது.

போதும் என்று முடிவுசெய்தாள். வெளியே போய், பானை சரியில்லை, மன்னிச்சுக்குங்க, தட்டை வச்சிடுங்க என்று சொல்லிவிட வேண்டியதுதான். பாவம், எத்தனை நாளாகத் தின்கிறார்கள். சாவுக்குப் பிறகும் அவர்களைத் தின்னவைப்பது அநியாயம். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்போதுதான் அந்த வெளியூர்க்காரனைப் பார்த்தாள். லாரி ஓட்டுபவன். பனியில் நெடுஞ்சாலையை மூடிவிட்டதால் ஊருக்குள் ஒதுங்கியவன். வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே இருந்தபோது, இன்று கூடமாட உதவ வந்திருந்த மேவிஸின் தங்கை மகள், ஏற்கெனவே நிரப்பிச் சூட்டில் வைத்திருந்த தட்டு ஒன்றை அவனுக்கும் வைத்துவிட்டாள். முதல் வாயை மென்றுவிட்டு அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏம்மா" என்றான், சத்தமாக, ஆனால் சண்டைக்காக அல்ல. "இந்த ஊர் சில்லி இந்த ஊர் சில்லிங்கறாங்களே, இது இப்படித்தான் இருக்குமா? இல்ல, இன்னைக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

ஒருவர் கையும் அசையவில்லை. தபால்காரர் வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்திருந்தார். ஹெர்ஷல் மெல்லத் திரும்பி ஃபோட்டினியைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கண் கெஞ்சியது. அவளுடைய வாயைப் பற்றி அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் நாக்கு இன்னும் மரத்தேதான் இருந்தது.

"இப்படித்தான்" என்றாள். "எங்கப்பா வச்சது. இங்க எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"அப்படியா?" அவன் தட்டைப் பார்த்தான். "பழகணும் போல."

"பழகிடும்" என்றார் ஹெர்ஷல். பிஸ்கட் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, நாலைந்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு, மறுபடி முள்கரண்டியை எடுத்தான். கடையில் சத்தம் திரும்பியது.

ஹெர்ஷல் தன் காலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். சீஸ் துருவல்கூட மிச்சமில்லாமல் வழித்திருந்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பானையில் அதிகம் இல்லை. ஒரு கையால் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கரண்டியை ஆழமாக விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்தாள்.